கையில் காசில்லாமல் 'டாக்டர்' ஆகலாம்!

ஊசி போடுகிற டாக்டரைப் பற்றி இங்கே சொல்லவில்லை. ஆராய்ச்சி செய்து, புத்தகம் எழுதி, பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குகிறாரே, அந்த டாக்டரைப் பற்றிச் சொல்கிறோம்.

"எம்.ஏ. முடித்தாயிற்று. வேலைக்குப் போகாமல் இன்னும் என்ன படிப்பு?" என்று அப்பா கேட்பார். "வயது ஏறிக்கொண்டே போகிறதே" என்று அம்மா கவலைப்படுவார். "அதற்கெல்லாம் லட்சம் லட்சமாகப் பணம் வேண்டும். நமக்கு ஏன் அந்த ஆசை?" என்று மாமா முடித்துவிடுவார்.

மூன்று பேர் பேச்சிலும் அன்பு இருக்கிறது. ஆனால், மாமா பேச்சில் ஒரு தவறும் இருக்கிறது.

ஆராய்ச்சிப் படிப்புக்கு நாம் பணம் கட்ட வேண்டும் என்று அவர் நினைக்கிறார். நல்ல இடத்தில் முறைப்படி இடம் கிடைத்தால், அவர்கள்தான் நமக்குப் பணம் கொடுக்கிறார்கள்! பல இடங்களில் கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் மாதா மாதம் பணம் வரும். பழைய நாளில் இதை 'உபகாரச் சம்பளம்' என்றார்கள். இப்போது 'உதவித்தொகை' என்கிறோம்.

இது விஞ்ஞானம் படித்தவர்களுக்கு மட்டும் உள்ள வசதி என்று எண்ண வேண்டாம். பொருளாதாரம், சமூகவியல், அரசியல், மானிடவியல் ஆகியவற்றுக்கும் உண்டு. இவற்றைச் 'சமூக அறிவியல்' என்பார்கள். மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள், பணம் எப்படிக் கை மாறுகிறது, அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று ஆராய்கிற படிப்பு இது.

ஆனால், உதவித்தொகை கிடைத்தது என்று கேட்டவுடன் இனிப்பு வாங்க ஓடக் கூடாது. முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"இந்தப் பணம் எத்தனை ஆண்டுக்கு வரும்?"

இந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் உண்டு என்று தெரிய வேண்டுமா? நாடே அறிந்த ஒருவருடைய கதையைக் கேளுங்கள்.

நியூயார்க் போன வாலிபர்

1913ஆம் ஆண்டு. பம்பாயில் ஒரு வாலிபர். வயது 22. எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து பி.ஏ. தேறியவர். தகப்பனார் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அந்த ஆண்டு பிப்ரவரி மாதம் அவரும் காலமாகிவிட்டார். வீட்டில் வறுமை. அதைவிடக் கொடுமை, 'தீண்டத்தகாதவர்' என்று ஊர் அந்தக் குடும்பத்தை ஒதுக்கி வைத்திருந்தது.

அவருக்கு பரோடா சமஸ்தானம் கை கொடுத்தது. மகாராஜா சாயாஜிராவ் கெயிக்வாட் அமெரிக்காவில் படிக்க உபகாரச் சம்பளம் கொடுத்தார். மாதம் பதினொன்றரைப் பவுன். மூன்று ஆண்டுக்கு.

ஒரு நிபந்தனையும் இருந்தது. படிப்பு முடிந்ததும் பரோடா சமஸ்தானத்தில் பத்து ஆண்டு வேலை பார்க்க வேண்டும். 1913 ஜூன் மாதம் அந்த ஒப்பந்தத்தில் வாலிபர் கையெழுத்துப் போட்டார். ஜூலை மாதம் நியூயார்க் போய் இறங்கினார்.

அவர்தான் அம்பேத்கர்.

நியூயார்க் நகரில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தார். பொருளாதாரம் முக்கியப் பாடம். அதோடு வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல் என்று கிடைத்த வகுப்புகளில் எல்லாம் உட்கார்ந்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் வாங்கினார். 1916 மே மாதம், மானிடவியல் மாணவர்களின் கூட்டத்தில், இந்தியாவின் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். தன் சாதிக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கிற வழக்கம்தான் சாதியின் ஆணிவேர் என்று அதில் வாதாடினார். அப்போது அவருக்கு வயது 25.

அதே ஆண்டு லண்டனுக்குப் போனார். லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். சட்டமும் படிக்கத் தொடங்கினார். இன்னும் சில ஆண்டு இருந்தால் எல்லாப் பட்டங்களையும் வாங்கிவிடலாம்.

பணம் நின்றது!

மூன்று ஆண்டு கெடு முடிந்துவிட்டது. கூடுதலாகக் கொஞ்ச காலம் கொடுத்தார்கள். அதுவும் 1917இல் முடிந்தது. 'திரும்பி வா' என்று பரோடாவிலிருந்து உத்தரவு வந்தது. லண்டன் படிப்பு பாதியில் நின்றது. நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்தால் படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களும் சாமான்களும் வேறு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை எதிரிகளின் நீர்மூழ்கி மூழ்கடித்துவிட்டது.

பரோடாவில் வேலை கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் தங்கினார். அவர் என்ன சாதி என்று தெரிந்ததும், தடிகளோடு ஆட்கள் வந்து மிரட்டினார்கள். விடுதியை விட்டு வெளியேறினார். வேறு யாரும் இடம் கொடுக்கவில்லை. பம்பாய்க்கே திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகும் அவர் லண்டனை மறக்கவில்லை. 1918 முதல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மகாராஜா சாகு உதவினார். ஒரு பார்சி நண்பர் 5 ஆயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல் மறுபடியும் கப்பல் ஏறினார். அவர் லண்டனில் படித்தபோது, இங்கே மனைவி ரமாபாய் மிகுந்த கஷ்டத்தோடு குடும்பத்தை நடத்தினார்.

1923இல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. ரூபாயின் மதிப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காகக் கிடைத்த பட்டம் அது. கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டமோ 1927இல்தான் கைக்கு வந்தது. ஆராய்ச்சி நூலை அச்சிட்டுப் பிரதிகளைக் கொடுத்த பிறகே பட்டம் என்பது அங்கே அந்நாளைய விதி. அச்சிடவும் பணம் வேண்டுமே!

1913இல் கப்பல் ஏறியவருக்கு 1927இல் அந்தப் பட்டம். பதினான்கு ஆண்டு!

அவருடைய அறிவுக்கு என்ன குறை? உழைப்புக்கு என்ன குறை? ஒன்றும் இல்லை. படிப்பு முடிவதற்கு முன்னே பணம் முடிந்துவிட்டது. லண்டன் படிப்பு மூன்று ஆண்டு தடைப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

அம்பேத்கர் அந்த மூன்று ஆண்டைத் தாண்டி வந்தார். எல்லோராலும் அப்படி வர முடியுமா? பாதியில் விட்டு வந்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருப்பதில்லை.

ஏன் பணம் தருகிறார்கள்?

"சும்மா யாராவது பணம் கொடுப்பார்களா?" என்று சந்தேகம் வரலாம். சும்மா கொடுப்பதில்லை.

ஆராய்ச்சி மாணவர் பாதி மாணவர், பாதி வேலைக்காரர். கிராமம் கிராமமாகப் போய்த் தகவல் சேகரிக்கிறார். பழைய ஆவணங்களைப் படிக்கிறார். பல்கலைக்கழகத்தில் இளைய மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். விடைத்தாள் திருத்துகிறார். புதிய உண்மையைக் கண்டுபிடித்து எழுதினால், அந்தப் பெருமை பல்கலைக்கழகத்துக்கும் சேருகிறது. அந்த உழைப்புக்காகத்தான் பணம்.

ஆகையால், உதவித்தொகை வாங்குவதைத் தர்மம் வாங்குவதாக நினைத்துக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

நம் நாட்டில் என்ன வழி?

நம் நாட்டில் முக்கியமான வாசல் 'நெட்' தேர்வு. பல்கலைக்கழக மானியக் குழுவுக்காக இதைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தடவை நடத்துவது வழக்கம்.

தேர்வு மூன்று மணி நேரம். கேள்விகள் 150. மார்க் 300. முதல் தாளில் பொது அறிவும் சிந்தனைத் திறனும். இரண்டாம் தாளில் நாம் எடுத்த பாடம். தப்பாக எழுதினால் மார்க் குறைக்க மாட்டார்கள். ஆகையால் எந்தக் கேள்வியையும் விட்டுவிட்டு வரக் கூடாது. மொழிப் பாடங்கள் தவிர மற்றவற்றுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழில் படித்தவர்கள் பாடத்தின் ஆங்கிலச் சொற்களை முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும்.

எம்.ஏ.யில் 55 சதவீத மார்க் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50 சதவீதம் போதும்.

இந்தத் தேர்வில் உயர்ந்த மார்க் வாங்குகிறவர்களுக்கு 'ஜே.ஆர்.எப்.' என்னும் உதவித்தொகை கிடைக்கிறது. அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் மேலே சொன்ன பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு சலுகை உண்டு.

எவ்வளவு பணம்? 2023 ஜனவரி முதல் அமலுக்கு வந்த கணக்கு இது: முதல் இரண்டு ஆண்டு மாதம் 37 ஆயிரம் ரூபாய். பிறகு, ஆராய்ச்சி திருப்தி என்றால், மாதம் 42 ஆயிரம் ரூபாய். வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூன் முதல், நெட் தேர்வு எழுதுகிறவர்களில் ஒரு பிரிவினருக்கு 'பிஎச்.டி. சேரத் தகுதி' என்று மட்டும் முடிவு வருகிறது. அது இடத்துக்கு உதவும். அதில் பணம் கிடையாது. இடம் வேறு, பணம் வேறு. 'நெட் பாஸ்' என்று கேட்டதும் 37 ஆயிரம் வந்துவிட்டது என்று குடும்பம் கணக்குப் போடக் கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, பிஎச்.டி. படிப்புக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல், ஆறு ஆண்டு வரை காலம் தருகிறார்கள். பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்கு 240 நாள் விடுப்பும் உண்டு. ஆனால் பணம் ஐந்து ஆண்டுதான். ஆறாவது ஆண்டு நம் கைக்காசு. ஆகவே, நூலை ஐந்தாம் ஆண்டுக்குள் எழுதி முடிக்கிறவரே புத்திசாலி.

பட்டியல் இனத்தவருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் மத்திய அரசின் தனி உதவித்தொகைகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்த பெண்ணுக்கு, சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் ஒன்று இருக்கிறது. சிறுபான்மையினருக்கு மௌலானா ஆசாத் பெயரில் ஒன்று இருந்தது. அதை நிறுத்திவிட்டதாக 2022 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. போன ஆண்டு அண்ணனுக்குக் கிடைத்தது இந்த ஆண்டு தம்பிக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஐந்து ஆண்டு

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. இடம் கொடுக்கும்போதே பணத்தையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்கு. கட்டணம் தள்ளுபடி. மாதப் பணம் தனி. வைத்தியச் செலவுக்குக் காப்பீடும் உண்டு. பதிலுக்குச் சில பருவங்களில் இளைய மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். படிப்பு நடக்கும் நாட்களில், வெளிநாட்டு மாணவர் வாரத்துக்கு 20 மணிக்கு மேல் வேலை செய்ய அந்நாட்டு விசா விதி இடம் தராது.

விண்ணப்பம் டிசம்பர் வாக்கில் போய்ச் சேர வேண்டும். முடிவு பிப்ரவரி, மார்ச்சில் வரும். பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒரு உடன்பாடு செய்திருக்கின்றன. பணத்தோடு இடம் கிடைத்த மாணவர், ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்லலாம். அதற்கு முன்னால் யாரும் நெருக்கக் கூடாது. இரண்டு மூன்று இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல அவகாசம்.

விண்ணப்பம் போடவும் செலவு உண்டு. ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 100 டாலர் கேட்பார்கள். பத்து இடத்துக்குப் போட்டால் ஆயிரம் டாலர்! ஆனால், வசதி இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதில் வெட்கம் என்ன?

அங்கேயும் காலம் மாறி வருகிறது. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2024 நவம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சமூகவியல், மானிடவியல், அரசியல் உள்பட ஒரு டஜன் துறைகளில், அடுத்த ஆண்டு புதிதாக பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கவில்லை என்று அது சொன்னது. 2025இல் வேறு சில பெரிய பல்கலைக்கழகங்களும் இடங்களைக் குறைத்தன. ஆகையால் ஒரே நாட்டை நம்பி இருக்கக் கூடாது.

மற்ற நாடுகளில்

இங்கிலாந்தில் வழக்கம் வேறு. அங்கே படிப்புக்கு இடம் தருவது ஒரு முடிவு; பணம் தருவது இன்னொரு முடிவு. 'உனக்கு இடம் கிடைத்தது' என்று அழகான கடிதம் வரும். பணத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை அடமானம் வைக்கிற குடும்பங்கள் உண்டு. ஆபத்து இங்கேதான் இருக்கிறது!

பணம் தரும் வழிகளும் அங்கே இருக்கின்றன. அம்பேத்கர் படித்த லண்டன் பொருளாதாரக் கல்லூரியே, எந்த நாட்டவருக்கும் பொருந்தும்படி, நான்கு ஆண்டு உதவித்தொகை கொடுக்கிறது. கேம்பிரிட்ஜில் 'கேட்ஸ்' உதவித்தொகை 2000ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. அது வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே உள்ளது. போட்டி கடுமை. ஆனால் வாசல் திறந்திருக்கிறது.

சுவீடனில் இன்னும் வேடிக்கை. அங்கே ஆராய்ச்சி மாணவரைப் பெரும்பாலும் ஊழியராகவே எடுத்துக்கொள்கிறார்கள். வேலைக்கு விளம்பரம் செய்வது போல விளம்பரம் செய்கிறார்கள். மாதச் சம்பளம் உண்டு. கட்டணம் இல்லை. படிப்புக்கு நான்கு ஆண்டு.

நம் அரசாங்கம் அனுப்புகிறதா?

அனுப்புகிறது. மத்திய சமூக நீதித் துறையின் 'தேசிய அயல்நாட்டு உதவித்தொகை' என்று ஒன்று இருக்கிறது. பட்டியல் இனத்தவர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பரம்பரைக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு உரியது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுக்கு 125 இடம். வயது 35க்குள். மார்க் 60 சதவீதம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள். உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். பிஎச்.டி.க்கு நான்கு ஆண்டு பணம்.

சமூக அறிவியல் மாணவர்கள் ஒரு வரியைக் கட்டாயம் படிக்க வேண்டும். 2022இல் ஒரு விதி சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்தப் பணம் கிடையாது என்பது அந்த விதி. பலர் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். சாதியைப் பற்றி நியூயார்க்கில் கட்டுரை படித்த அம்பேத்கரே அன்று இந்த விதியின் கீழ் விண்ணப்பித்திருந்தால், என்ன ஆகியிருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

2025 ஜூலையில் இன்னொன்று நடந்தது. அந்த ஆண்டு தேர்வானவர்கள் 106 பேர். அவர்களில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு 'நிதி இருந்தால்' என்று சொன்னார்கள். பட்டியலில் பெயர் வருவது வேறு; கையில் கடிதம் வருவது வேறு.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

பெரும்பாலும் நான்கு காகிதங்கள் முக்கியம்: மார்க் பட்டியல், நோக்கக் கடிதம், பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், நாம் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று. வெளிநாட்டுக்கு ஆங்கிலத் தேர்வு மார்க்கும் கேட்பார்கள்.

இவற்றில் நோக்கக் கடிதமே உயிர். இரண்டு பக்கம் இருக்கும். 'சின்ன வயதிலிருந்தே எனக்குப் படிப்பில் ஆசை' என்று தொடங்கினால் படிக்கிறவருக்குத் தூக்கம் வரும். நாட்டில் ஆசை இல்லாதவர் யார்?

அதில் இருக்க வேண்டியது ஒரு கேள்வி. தெளிவான கேள்வி.

'பெண்கள் முன்னேற்றம் பற்றி ஆராய விரும்புகிறேன்' என்பது கேள்வி அல்ல. கடல் போலப் பரந்த விஷயம் அது. 'மகளிர் சுய உதவிக் குழுவில் பெண் வாங்கும் கடனை, வீட்டில் யார் எதற்குச் செலவு செய்கிறார்கள்?' என்பது கேள்வி. இதற்கு விடை தேட எந்த ஊருக்குப் போக வேண்டும், யாரிடம் பேச வேண்டும், எந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று அடுத்தடுத்து எழுதலாம். இதற்கு முன் யார் என்ன சொன்னார்கள், அதில் எது போதவில்லை என்றும் எழுத வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லித்தர எந்தப் பேராசிரியர் இருக்கிறார் என்பதும் வேண்டும்.

கேள்வி எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் நம் வீட்டு வாசலில்தான் கிடைக்கும். அம்பேத்கர் நியூயார்க் கூட்டத்தில் எழுப்பிய கேள்வி, அவர் பிறந்த நாள் முதல் அவரைத் துரத்திய கேள்விதானே! நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு நூல் விலை தெரியும். மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு ஏலக் கூடத்தின் கணக்கு தெரியும். பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைக்கு அது தெரியாது. ஏழைக்கு உள்ள சொத்து அது.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். பெரிய பதவியில் இருப்பவர் என்று பார்த்து ஓடக் கூடாது. நம் எழுத்தைப் படித்தவர், நம் உழைப்பைப் பார்த்தவர் எழுதினால்தான் மதிப்பு. அம்பேத்கர் லண்டன் போனபோது, நியூயார்க்கில் அவருக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் செலிக்மன், லண்டன் பேராசிரியர் பாக்ஸ்வெல்லுக்குக் கடிதம் எழுதி அறிமுகம் செய்தார். மாணவரை நேரில் அறிந்தவர் எழுதும் கடிதத்துக்கு அவ்வளவு பலம். ஒரு மாதம் முன்னதாகவே ஆசிரியரைப் பார்த்துப் பணிவாகக் கேட்க வேண்டும். கடைசி நாளில் போய் நிற்கக் கூடாது.

விண்ணப்பத்தை நாமே நிரப்பலாம். ஏஜெண்டு தேவை இல்லை. 'பணம் கொடுத்தால் உதவித்தொகை வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெண்ணை அனுப்பலாமா?

இந்தக் கேள்வி சுமார் நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு பெரிய வீட்டில் எழுந்தது.

ஐராவதி கார்வே மானிடவியல் அறிஞர். பர்மாவில் 1905இல் பிறந்தவர். அங்கே ஓடும் ஐராவதி நதியின் பெயரையே அவருக்கு வைத்தார்கள். அவருடைய மாமனார் தோண்டோ கேசவ் கார்வே, பெண்களுக்கென்றே பல்கலைக்கழகம் கண்டவர். 1928இல் ஐராவதி ஆராய்ச்சிக்காக ஜெர்மனி போக விரும்பினார். அந்த மாமனாரே, 'வேண்டாம்' என்றார்! கணவர் ஆதரவாக நின்றார். ஜீவராஜ் மேத்தாவிடம் கடன் வாங்கி ஐராவதி பெர்லின் போனார். டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். பிற்காலத்தில் நம் நாட்டுக் குடும்ப உறவு முறைகளை ஆராய்ந்து புகழ் பெற்றார்.

அன்று அவர் கடன் வாங்க வேண்டி இருந்தது. இன்று பெண்களுக்கு வயதுச் சலுகை, காலச் சலுகை, விடுப்பு எல்லாம் விதியிலேயே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கடிதம் வந்ததும் கேட்க வேண்டியவை

இடம் கிடைத்த கடிதம் வந்துவிட்டதா? மகிழ்ச்சி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அதை வரி வரியாகப் படியுங்கள். இந்த ஐந்து கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள்.

1. பணம் எத்தனை ஆண்டுக்கு? படிப்பு எத்தனை ஆண்டுக்கு? இரண்டும் ஒன்றா?

2. கட்டணம் முழுவதும் தள்ளுபடியா? பாதியா?

3. மாதப் பணம் பன்னிரண்டு மாதமும் வருமா? சில இடங்களில் ஒன்பது மாதம்தான் வரும். கோடை விடுமுறையில் கை காய்ந்துவிடும்.

4. பதிலுக்கு என்ன வேலை செய்ய வேண்டும்? எத்தனை மணி நேரம்?

5. படிப்பு முடிந்த பிறகு கட்டுப்பாடு ஏதாவது உண்டா? அம்பேத்கர் போட்ட பத்து ஆண்டு ஒப்பந்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

விடை இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். 'முதல் ஆண்டு சமாளி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பணம் இல்லாத இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி முயல்வது தோல்வி ஆகாது. ஓர் ஆண்டு காத்திருப்பது, பாதியில் திரும்பி வருவதைவிட நல்லது. நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டுவதைவிட எவ்வளவோ நல்லது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆராய்ச்சிக்கு ஐந்தாறு ஆண்டு ஆகும். நடுவில் உறவினர் கலியாணத்துக்குப் போனால், 'இன்னுமா படிக்கிறான்?' என்று கேட்பார்கள். 'படிக்கிறான், சம்பளமும் வாங்குகிறான்' என்று தலை நிமிர்ந்து பதில் சொல்லுங்கள். பல்கலைக்கழகம் பணம் கொடுக்கலாம். தைரியத்தை வீடுதான் கொடுக்க முடியும்.

1952ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொலம்பியா பல்கலைக்கழகம் அம்பேத்கரை மறுபடி அழைத்தது. இந்திய அரசியல் சட்டத்தை வகுத்ததற்காக அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மாதம் பதினொன்றரைப் பவுனோடு அவர் அங்கே வந்து இறங்கி 39 ஆண்டு ஆகியிருந்தது. பரோடா கொடுத்தது மூன்று ஆண்டுப் பணமும் கொஞ்சமும்தான். அதன் வட்டியை ஒரு நாடே இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறது!

உங்கள் வீட்டிலும் ஒரு கேள்வியோடு ஒரு பிள்ளை இருக்கலாம். இந்த வாரமே அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பத்தின் முதல் வரி அதுதான்.